விமானியின் தலையைத் திருகிப் பெட்ரோல் ஊற்றுவது எப்படி

1

இந்தக் கதை எங்கே பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கழிப்பறையில்.

மற்ற எழுத்தாளர்களுக்குக் கடல் கிடைக்கிறது, மழை கிடைக்கிறது, ரயில் ஜன்னலில் ஒரு முகமாவது கிடைக்கிறது. எனக்குக் கிடைத்தது ரிமோட்டில் பறக்கும் மாதிரி விமானங்கள் செய்கிற எங்கள் சங்கத்துக் கொட்டகையின் பின்பக்கக் கழிப்பறைச் சுவர். அங்கே நின்றால் கண்ணுக்கு நேராக ஒரு படம். குறுக்கே வெட்டிய ஒரு பெட்ரோல் டேங்க், அதிலிருந்து கிளம்பும் மூன்று குழாய்கள், கலர் கலராக அம்புக்குறிகள். ஓய்வு பெற்ற ஒருவன் ஒரு பிற்பகலில் எத்தனை தடவை அந்தப் படத்தின் முன்னால் போய் நிற்க நேரும் என்பதை இளைஞர்கள் போகப் போகத் தெரிந்துகொள்வார்கள். வேறெந்த நூலையும் நான் அவ்வளவு தடவை, அவ்வளவு பொறுமையாகப் படித்ததில்லை.

படத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பயப்பட வேண்டாம், கடைசியில் தேர்வு கிடையாது. முதல் குழாய் டேங்கிலிருந்து எஞ்சினுக்குப் போகிறது. அதன் உள்முனையில் ஒரு பித்தளைக் குண்டு. விமானம் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் குண்டு பெட்ரோல் இருக்கும் பக்கம் போய் விழும், குழாயையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும். இரண்டாவது குழாய், வெளியிலிருந்து பெட்ரோல் ஊற்றுவதற்கு. மூன்றாவது குழாய்க்கு வேலையே இல்லை. சும்மா வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும், காற்று வந்து போவதற்கு. பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்தில் காற்று புகுந்தாக வேண்டும். புகாவிட்டால், அட்டை டப்பா ஜூஸை ஸ்ட்ரா போட்டுக் கடைசி வரை உறிஞ்சுகிறோமே, அந்த டப்பா மாதிரி டேங்குக்குக் கன்னம் ஒட்டிப்போகும். அப்புறம் எஞ்சின் மூச்சு முட்டி நின்றுவிடும். எஞ்சின் நின்ற விமானம் என்ன ஆகும் என்பதற்குப் படம் தேவையில்லை.

வேலையே செய்யாத அந்த மூன்றாவது குழாய்தான் இந்தக் கதையின் நாயகன்.

[அப்படி நினைத்துத்தான் தொடங்கினேன். பாதியில் ஒருத்தி வந்து அவனைத் தள்ளிவிட்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். எழுந்திருக்கச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.]

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

"வடகடலிலிருந்து கிளம்பிய காற்று அணைக்கரை ஏறி, புல்லைத் தடவி, செம்மறி ஆடுகளின் கம்பளியில் ஓர் ஆதி சோகத்தை—"

வேண்டாம். ஜெர்மனியின் வடகோடியில் இருக்கும் எங்கள் கிழக்கு ஃபிரீஸ்லாந்துக் காற்று எதையும் தடவாது. தொப்பியைப் பிடுங்கும், குடையைத் திருப்பும், கேக்கின் மேலிருக்கும் க்ரீமை அடுத்த மேசைக்காரன் சட்டையில் கொண்டுபோய் வைக்கும். வருஷத்துக்கு ஒரு நாள் விடுப்பு எடுக்கும். அன்றைக்கு ஊர் ஜனம் வீதிக்கு வந்து, சாய்ந்தே நின்று பழகிய உடம்பு நிமிர முடியாமல் தடுமாறும். ஆடுகளுக்குச் சோகமும் கிடையாது. கொஞ்சமாவது யோசிக்கிற பிராணியாக இருந்தால் எங்கள் விமானங்களுக்குக் கீழே அவ்வளவு நிம்மதியாக மேயுமா?

இரண்டாம் தொடக்கம்:

"மோயின்," என்றான் ஒருவன்.

"மோயின்," என்றான் மற்றவன்.

இது எங்கள் ஊர் வணக்கம். காலை, மாலை, கல்யாணம், சாவு எல்லாவற்றுக்கும் இதுவேதான். உண்மையை அப்படியே எழுத வேண்டும் என்று அடம்பிடித்தால் இந்தக் கதை இரண்டே வரியில் முடிந்துவிடும். ஆகவே என் பாத்திரங்கள் தேவைக்கு அதிகமாகப் பேசுவார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் யாராவது படித்தால் தயவுசெய்து மன்னிக்கவும்.

மூன்றாம் தொடக்கம்:

"ஹப்போ ரைன்ட்ஸ் தன் வாழ்நாளில் ஒரு லட்சம் ஓட்டைகள் போட்டிருந்தான்."

இது தேவலை. துப்பாக்கிக்காரனோ என்று வாசகர் ஒரு வினாடி நிமிர்வார். அந்த ஒரு வினாடிக்குள் நான் அடுத்த பகுதிக்குப் போய்விடலாம்.

3

ஹப்போ பல் மருத்துவன். முதல் பிரதியில் அவனைப் பாதிரியாராக வைத்திருந்தேன். பாதிரியார் என்றால் கடவுளைக் கொண்டுவர வேண்டும், கடவுள் வந்துவிட்டால் விமானத்தைக் கீழே போட மனசு வராது. அதனால் பல் மருத்துவன். எங்கள் வட்டாரத்தில் அவன் கை படாத வாய் இல்லை. இப்போது ஓய்வு.

ஏழு பனிக்காலம் உட்கார்ந்து அவன் ஒரு விமானம் செய்தான். 1930களில் தீவுகளுக்குத் தபால் கொண்டுபோன வெள்ளி நிற விமானத்தின் நகல். இறக்கையை மேசையாகப் போட்டு எட்டுப் பேர் வரிசையாக உட்கார்ந்து டீ குடிக்கலாம். [சரி, ஆறு பேர்.] ஒவ்வொரு ஆணித்தலையும் அசலில் இருந்த இடத்தில் இருந்தது. அவ்வளவு வேலையும் முடிந்து, பெட்ரோல் ஊற்றும் வாயை எங்கே வைப்பது என்ற கேள்வி வந்தபோதுதான் வந்தது வினை. ஊரில் இத்தனை வாய்களைக் குடைந்த மனிதனுக்குத் தன் விமானத்தின் உடம்பில் சுண்டுவிரல் அளவு ஓட்டை போடக் கை வரவில்லை.

சங்கத் தலைவன் எய்லெர்ட் ஊக்கென் தீவுக் கப்பலில் கேப்டனாக இருந்தவன். அவனுடைய விமானம் மீன் பெட்டிக்கு இறக்கை முளைத்த மாதிரி இருக்கும். பக்கவாட்டில் பெரிய ஓட்டை, சுற்றிச் சிவப்பு பெயின்டில் வட்டம், 'இங்கே ஊற்று' என்று எழுத்து. இருபது வருஷமாகப் பறக்கிறது.

"பக்கத்துல ஒரு ஓட்டை போடு ஹப்போ," என்றான் எய்லெர்ட், கொட்டகையில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது. "ஒரு குழாய் முனை, ஒரு மூடி. டீ ஆறறதுக்குள்ள முடிஞ்சிடும்."

"அசல் விமானத்துல அந்த எடத்துல ஓட்டை கெடையாது."

"அசல் விமானத்துல உள்ள ஒரு ஆள் உக்காந்திருந்தான். அதுக்கு என்ன பண்ணுவ?"

"உக்கார வெச்சிருக்கேன்."

"என் கடவாப் பல்லுல நாலு ஓட்டை போட்டியே, அப்ப அசல நெனச்சுப் பாத்தியா?"

ஹப்போ ஒரு மடக்கு டீ குடித்தான். ஆனால் விமானத்துக்குள் ஒரு விமானியை உட்கார வைத்திருந்தது நிஜம். லிண்டன் என்ற மென்மரத்தில் செதுக்கி, தோல் தொப்பி மாட்டி, கண்ணாடி போட்டு, மீசை வரைந்து. பார்த்தவர்கள் எல்லாரும் ஹப்போ மாதிரியே இருக்கிறது என்றார்கள். தற்செயல் என்றான் ஹப்போ. பெட்ரோல் வாய் அந்த விமானியின் கழுத்துக்குள் இருந்தது. தலையை இடப்பக்கம் திருகினால் கழன்று வரும், வலப்பக்கம் திருகினால் காற்றுப் புகாமல் இறுகும். உள்ளே மஞ்சள் குழாய்.*

* மஞ்சள் குழாய்தான் பெட்ரோலுக்குச் சரி. மீன் தொட்டிக்கு வாங்கிய வெள்ளைக் குழாயைப் போட்டால் பெட்ரோல் அதை ஊதவைத்துத் தின்றுவிடும். எங்கள் சங்கத்தில் ஒருவர் போட்டார். பெயர் சொல்ல மாட்டேன். இப்போது அவர் மீன் மட்டும் வளர்க்கிறார்.

4

இனிமேல் நடப்பதற்கு ஒரு கண்ணியும் விட்டுப்போகக் கூடாது, ஆகவே ஒழுங்காகச் சொல்கிறேன்.

ஓட்டை கூடாது, அதனால் தலை. தலை என்று ஆகிவிட்ட பிறகு, மைதானத்தில் இருபது பேர் பார்க்கத் தன் தலையைத் தானே திருகிப் பெட்ரோல் ஊற்ற ஹப்போவுக்கு வெட்கம். அதனால் வீட்டுத் தோட்டத்திலேயே ஊற்றி நிரப்பிக்கொண்டு வருவது. மனைவி ஒக்கா தலையை வாங்கிக் கையில் வைத்துக்கொள்வாள், அவன் புனல் வைத்து ஊற்றுவான்.

"நாப்பது வருஷமா இந்தத் தலைக்குள்ள ஏதாவது எறங்குமான்னு பாத்துக்கிட்டிருந்தேன்," என்றாள் ஒக்கா முதல் தடவை. "எறங்குது."

டேங்க் நிரம்பிய விமானத்தைக் காரில் ஏற்றினால், வயிற்றுக்கு அடியில் பொய்ப் புகைக்குழாய் ஒன்றுக்குள் ஒளித்து வைத்திருந்த காற்றுக் குழாய் வழியாகப் பெட்ரோல் சொட்டியது. கார் ஒக்காவுடையது. அதில்தான் அவளுடைய தோழிகள் நீந்தப் போவார்கள். பெட்ரோல் வாசனையில் இரண்டு பேருக்குத் தலைவலி. அதனால் ஹப்போ அந்தக் குழாய்க்கு ஒரு ரப்பர் தக்கை செய்தான். மைதானத்துக்கு வந்ததும் பிடுங்க வேண்டும், மறந்தால் எஞ்சின் நின்றுவிடும். ஆகவே தக்கையில் ஒரு முழ நீளச் சிவப்பு ரிப்பன் கட்டினான். இதுவரை எல்லாம் புத்திசாலித்தனம்.

பிறகு, பளபளக்கிற வெள்ளி வயிற்றில் கறுப்பாக ஒரு ரப்பர் தெரிவது கண்ணை உறுத்துகிறது என்று தக்கைக்கும் வெள்ளி பெயின்ட் அடித்தான். மாற்றுக் குறையாத அதே வெள்ளி. அடித்து முடித்ததும் குனிந்து பார்த்தான். தக்கை எங்கே என்று அவனுக்கே தெரியவில்லை. அந்த மகிழ்ச்சியில் அன்று இரண்டு துண்டு திராட்சை ரொட்டி அதிகமாகச் சாப்பிட்டான்.

[இதைக் கற்பனை என்று நினைக்கிறவர்கள் மாதிரி விமானக்காரர்களோடு ஒரு வாரம் இருந்து பார்க்கலாம். விமானத்தை "பொம்மை" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். போன வருஷம் அப்படிச் சொன்ன ஒரு விருந்தாளி இன்னும் டீக்காகக் காத்திருக்கிறார்.]

5

முதல் பிரதியில் ஒக்கா கேக் கொண்டுவந்தாள், "ஜாக்கிரதை" என்றாள், போய்விட்டாள். மூன்று பக்கம் கழித்துத் திரும்பி வந்து காலித் தட்டை எடுத்துக்கொண்டு போனாள். எழுத எனக்கு மிகவும் வசதியாக இருந்தது. பிறகு ஒருநாள் யோசித்தேன்: காரும் அவளுடையது, தலையைப் பிடித்துக்கொள்கிறவளும் அவள், அப்புறம் ஏன் எல்லாவற்றையும் நான் ஹப்போவின் தோளுக்குப் பின்னாலிருந்தே பார்க்கிறேன்? இந்த இடத்திலிருந்து ஒக்காவின் பக்கம் போய் நின்றுகொள்கிறேன்.

ஒக்கா நகராட்சி நீச்சல் குளத்தில் காவலுக்கு இருந்தவள். மூழ்குகிறவன் கத்த மாட்டான், சத்தமே இல்லாமல்தான் கீழே போவான் என்று தெரிந்தவள். ஹப்போ நல்லவன் என்பதும் அவளுக்குத் தெரியும். காலையில் முதலில் எழுந்து டீ போடுவான். கோப்பையில் கல்கண்டைப் போட்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, அங்கே வைத்துத்தான் டீயை ஊற்றுவான். சூட்டில் கல்கண்டு வெடிக்கும் சத்தம் அவளுக்குக் கேட்க வேண்டும் என்பதற்காக. இப்படி ஒரு மனிதனை வைத்துக்கொண்டு குறை சொல்லக் கூச்சமாக இருக்கும். அவளுக்கும் கூச்சமாகத்தான் இருந்தது.

ஆனால் ஹப்போவுக்கு ஒரு வாக்கியம் உண்டு. நாலு பேர் கூடிய இடத்தில் "ஒக்காதான்" என்று தொடங்கும். டென்மார்க்கில் கூடாரம் காற்றில் போனதா? ஒக்காதான் முளை அடித்தாள். கிறிஸ்துமஸ் வாத்து கரியானதா? ஒக்காதான் அடுப்பைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். முளையை அடித்தவன் அவன். வாத்தை வைத்துவிட்டுப் பட்டறைக்குப் போனவன் அவன். ஆனால் அவன் சொல்கிற விதத்தில் மேசையே குலுங்கிச் சிரிக்கும். ஒக்காவும் சிரிப்பாள். சிரித்துச் சிரித்து, அந்தக் கூடாரத்துக்கு முளை அடித்தது நிஜமாகவே தானோ என்று அவளுக்கே சந்தேகம் வந்திருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை, விமானம் முதல் முதலாகப் பறக்கப் போகும் நாளில், காரை ஓட்டிக்கொண்டே அவள் சொன்னாள்:

"இன்னைக்கு என்னப் பத்தி ஒரு கதையும் வேண்டாம் ஹப்போ."

"நான் எப்பச் சொன்னேன்?"

"'ஒக்காதான்'னு ஆரம்பிச்சின்னா, இந்தத் தடவ நான் சிரிக்க மாட்டேன்."

"எல்லாரும் சிரிப்பாங்களே."

"அதான். எல்லாரும் சிரிப்பாங்க. நான் சிரிக்க மாட்டேன்."

ஹப்போ ஜன்னல் வழியாக வாய்க்காலைப் பார்த்தான். சிரிக்காத ஒக்காவோடு எப்படி ஒரு மேசையில் உட்காருவது என்று அவன் இதுவரை யோசித்ததில்லை. "காத்து இன்னைக்குப் பரவால்ல," என்றான்.

6

மைதானத்தில் எய்லெர்ட் காமிராவோடு நின்றான். சங்கத்தின் சுவர் நாள்காட்டிக்கு, பறப்பதற்கு முன் ஒரு படம்.

"வயித்துல என்னடா செவப்பா தொங்குது?" என்றான். "மாதவிலக்கா?"

[இந்த வரியை எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். எய்லெர்ட் கப்பல்காரன், அவன் வாயை என்னால் கழுவ முடியாது. ஒக்கா அவனைப் பார்த்த பார்வையில் அவன் தானாகவே தொப்பியைச் சரிசெய்துகொண்டான். அது போதும்.]

ஹப்போவுக்கு முகம் சுருங்கியது. ஏழு பனிக்காலம் உழைத்த படத்தில் ரிப்பனா? குனிந்து, மேல்சட்டைப் பையிலிருந்து சின்னக் கத்தரிக்கோலை எடுத்து ரிப்பனை ஒட்ட வெட்டி, சுருட்டிப் பைக்குள் போட்டான். படம் எடுத்தார்கள். பிரமாதமாக வந்தது. நாள்காட்டியில் ஜூன் மாதத்தைப் பாருங்கள், தக்கையைக் கண்டுபிடிக்க முடியாது. அது அங்கேதான் இருக்கிறது.

"என்னப்பா, பெட்ரோல் ஊத்த வேண்டாமா?" என்றான் எய்லெர்ட். "வாய் எங்க இருக்குன்னு பாக்கத்தான் காத்துக்கிட்டிருக்கோம்."

"ஊத்தியாச்சு."

"எங்க வழியா?"

"வேணுங்கற வழியா."

சிரித்தார்கள். வேர்க்கிறது என்று சொல்லி ஹப்போ மேல்சட்டையைக் கழற்றி ஒக்காவிடம் கொடுத்தான். அவள் வாலைப் பிடித்துக்கொள்ள, அவன் காற்றாடியைச் சுழற்றினான். எஞ்சின் பிடித்ததும் ரிமோட்டைக் கையில் எடுத்துக்கொண்டான். "கெளம்புது," என்று உரக்கச் சொன்னான் விதிப்படி. வெள்ளி விமானம் புல்லில் ஓடி, ஆட்டுவேலிக்கு இந்தப் பக்கமே எழும்பி, வெயிலில் திரும்பியது. எய்லெர்ட்கூட ஒரு நிமிஷம் வாயை மூடிக்கொண்டு பார்த்தான்.

ஒக்காவுக்கு மூக்கு ஒழுகியது. கண்ணும்தான், சொல்ல மாட்டாள். கைக்குட்டைக்காக ஹப்போவின் மேல்சட்டைப் பையில் கைவிட்டாள். ரிப்பன் வந்தது. அதன் நுனியில் எதுவும் இல்லை. இன்னொரு பையில் புதினா மிட்டாய், கத்தரிக்கோல். உள்பையில் கண்ணாடிக் கூடு.

தக்கை இல்லை.

7

இங்கே கொஞ்சம் நிறுத்துகிறேன். விமானம் மேலே போய்க்கொண்டிருக்கிறது, டேங்குக்குக் கன்னம் ஒட்டத் தொடங்கியிருக்கிறது. ஒவ்வொரு வரியும் ஒரு மடக்கு பெட்ரோல் என்பது தெரிந்துதான் பேசுகிறேன். ஆனால் வாசகர் இப்போது மனசுக்குள் முடிவை எழுதிக்கொண்டிருப்பார். அதை முதலில் கலைக்க வேண்டும்.

முடிவு அ: எஞ்சின் நின்று, விமானம் வாய்க்காலில் விழுகிறது. இடுப்பளவுத் தண்ணீரில் ஹப்போ இறங்கித் தன் மரத்தலையை மட்டும் மீட்டு வருகிறான். கர்வம் அழிந்தது. நல்ல நீதி. இலக்கியப் பரிசுக்குக்கூட அனுப்பலாம். ஆனால் ஏழு பனிக்காலம். நான் கிண்டல்காரன், கசாப்புக்காரன் இல்லை.

முடிவு ஆ: யாரும் சத்தம் போடக் கூடாத மதிய அமைதி நேரம் தொடங்கிவிட்டதால் எஞ்சின் சட்டத்துக்குக் கட்டுப்பட்டுத் தானாகவே நின்றது. ஜெர்மனியில் வாழ்ந்தவர்கள் இதை நம்புவார்கள். மற்றவர்கள் நம்ப மாட்டார்கள்.

முடிவு இ: ஆடு. ஆட்டின் மேல் விழுகிறது, ஆட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆடு திரும்பிப் பார்த்து "மோயின்" என்—

போதும். எல்லா முடிவும் விமானத்தைப் பற்றியே இருக்கிறது. விமானம் விழுமா விழாதா என்பது எனக்கு அவ்வளவு பெரிய கஷ்டமில்லை. ஒரு வாக்கியத்தில் இறக்கிவிடுவேன். ஒக்கா என்ன செய்வாள் என்பதில்தான் நான் இரண்டு வாரம் மாட்டிக்கொண்டேன். அவள் வாயைத் திறந்தால், நாளைக்கு மேசையில் கதை தயார்: "ஒக்காதான் நடுவுல கத்துனா." வாயை மூடிக்கொண்டால் விமானம் போகும். போனாலும் கதை தயார்: "ஒக்காதான் சட்டைய வெச்சிருந்தா."

8

அவள் அவன் பக்கத்தில் போய் நின்றாள். மெதுவாகத்தான் சொன்னாள், எய்லெர்ட்டுக்குக் கேட்காதபடி.

"ஹப்போ, தக்கை."

"எடுத்துட்டேன்."

"எப்ப?"

"எடுத்தாச்சுன்னா எடுத்தாச்சு."

"பையில ரிப்பன் மட்டுந்தான் இருக்கு. நீ ரிப்பனதான் வெட்டுன."

"ஒக்கா, இப்பப் பேசாத. நான் பறந்துக்கிட்டிருக்கேன்."

ரப்பர் பூட்ஸ் போட்டு, புல்லில் இரண்டு காலும் அகட்டி ஊன்றி நின்றபடி இதைச் சொன்னான்.

"எறக்கிடு. எறக்கிப் பாத்துட்டு மறுபடி ஏத்திக்கோ."

"எறக்கி? எல்லாரும் பாத்துக்கிட்டிருக்காங்க. நீ பாத்தியா, இல்ல நெனைக்கிறியா?"

"நெனைக்கிறேன்."

"அப்ப விடு."

அவள் விட்டாள். அதாவது, பேச்சை விட்டாள், காதை விடவில்லை. எஞ்சின் சத்தம் கொஞ்சம் மெலிந்திருந்தது. சுருதி உயர்ந்தும் இருந்தது, தண்ணீருக்கு மேலே வாயைத் தூக்கி வைத்துக்கொள்கிறவன் விடுகிற மூச்சைப் போல. மற்றவர்கள் அதை வேகம் என்று நினைத்துத் தலையாட்டினார்கள். ஹப்போவின் கட்டைவிரலும் ரிமோட்டின் மேல் ஒரு நொடி நின்றது. அவனுக்கும் கேட்டுவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. கேட்டும் அவன் இறக்க மாட்டான் என்பதும் தெரிந்தது.

எங்கள் மைதானத்தில் ஒரு விதி உண்டு. விமானத்தை இறக்குகிறவன் "எறங்குது" என்று உரக்கச் சொல்ல வேண்டும். உடனே மற்ற எல்லாரும் பாதையை விட்டு விலகி, "காலி" என்று பதில் சொல்ல வேண்டும். மேலே வேறு விமானம் இருந்தால் ஓரம்கட்ட வேண்டும். சொல்லிவிட்டு இறங்காமல் சுற்றிக்கொண்டிருந்தால் அந்தப் பருவம் முழுக்கப் பறக்கத் தடை. இதைச் சொல்ல உரிமை ரிமோட் பிடித்தவனுக்கு மட்டும்தான். சங்க உறுப்பினர்களுக்கே இல்லாத உரிமை. கேக் கொண்டுவருகிறவர்களைப் பற்றி விதியில் ஒன்றுமே இல்லை, யாரும் அப்படி ஒரு நிலைமையை யோசித்துப் பார்க்கவில்லை.

ஒக்கா நெஞ்சு நிறையக் காற்றை இழுத்துக்கொண்டாள்.

"எறங்குது."

ஐம்பது மீட்டர் குளத்தின் மறுகோடிக்குப் போய்ச் சேர்ந்து பழகிய குரல். அணைக்கரைக்கு அந்தப் பக்கம் ஆடுகள் நிமிர்ந்தன. கொட்டகைக்குள் ஒரு கரண்டி விழுந்தது.

"காலி," என்றார்கள் இருபது பேரும், யார் சொன்னது என்று யோசிக்காமலே. பழக்கம். புல்லில் நின்றவர்கள் ஓடினார்கள். இதற்கிடையில் தன் மீன் பெட்டியையும் மேலே ஏற்றியிருந்த எய்லெர்ட் அதைக் கிழக்கே திருப்பினான்.

ஹப்போ அவளைப் பார்த்தான். அந்தப் பார்வையை வர்ணிக்க நான் நாலு உவமை வைத்திருந்தேன், நாலும் பொய். பிறகு அவன் விமானத்தை வளைத்துக் காற்றுக்கு எதிராக நிறுத்தி, இறக்கத் தொடங்கினான்.

9

இறங்கிவிட்டது. ஒரு வாக்கியத்தில் இறக்குவேன் என்று சொன்னேன் அல்லவா? சக்கரம் புல்லைத் தொட்டு உருண்டுகொண்டிருக்கும்போதே எஞ்சின் இருமிவிட்டு நின்றது. எவ்வளவு கச்சிதமாக அணைக்கிறான் பாருங்கள் என்று யாரோ சொன்னார்கள். கைதட்டினார்கள்.

ஹப்போவும் ஒக்காவும் விமானத்தை எடுத்து வரப் போனார்கள். தூரம் அதிகம், அங்கே நடப்பது இங்கே யாருக்கும் தெரியாது. அவன் முழங்காலிட்டு, விமானத்துக்கு அடியில் கையைக் கொடுத்து, புகைக்குழாயைத் தடவினான். கண்ணால் பார்த்தால் தெரியாதது விரலுக்குத் தெரிந்தது. நகத்தால் கெல்லி இழுத்தான்.

உஸ்ஸென்று காற்று உள்ளே ஓடியது. அதன் பின்னால் டேங்க் டப்பென்று ஒரு சத்தம் போட்டுக் கன்னத்தை உப்பிக்கொண்டது. இரண்டு பேருக்கும் கேட்டது. இரண்டு பேருக்கும் மட்டும்.

அவன் தக்கையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். அவளும் பார்த்தாள். "பாத்தியா" என்று அவள் சொல்லவில்லை. [சொல்ல வைத்தேன். இரண்டு தடவை. இரண்டு தடவையும் அவள் அந்த வார்த்தையைப் பக்கத்திலிருந்து தள்ளிவிட்டாள்.] அவன் விரல்களை மூடிக்கொண்டான். அவன் இறக்கையைப் பிடிக்க, அவள் வாலைப் பிடிக்க, திரும்பி நடந்தார்கள்.

எய்லெர்ட் தன்னுடையதையும் இறக்கிவிட்டு வேலிக்கருகே காத்திருந்தான். அவனுக்குப் பின்னால் மொத்தச் சங்கமும்.

"அதுக்குள்ள ஏன்டா எறக்குன? அழகாத்தான பறந்துக்கிட்டிருந்துது." பிறகு ஒக்காவைப் பார்த்து, "குரல் கொடுத்தது யாரு, இவளா? இது எந்த ஊர் வழக்கம்?"

விமானத்தை மேசையில் வைத்தார்கள். எல்லாருடைய முகத்திலும் சிரிப்பு தயாராக வந்து உட்கார்ந்திருந்தது. ஹப்போ ஆரம்பித்தால் போதும். பல வருஷப் பழக்கம் அது, ஹப்போவுக்கு மட்டுமில்லை, அவர்களுக்கும்தான்.

ஹப்போவின் மூடிய கையில் தக்கை இருக்கிறது. அதை அவன் காட்டாவிட்டால் உலகத்தில் யாரும் கண்டுபிடிக்க முடியாது, அவ்வளவு நன்றாகப் பெயின்ட் அடித்திருக்கிறான். விதியை மீறியவள் ஒக்கா. விமானம் முழுசாக இருக்கிறது. ஆக, நடந்தது என்னவென்றால், நன்றாகப் பறந்துகொண்டிருந்த விமானத்தை ஒரு பெண்பிள்ளை கத்திக் கீழே இறக்கிவிட்டாள். சாட்சிகள் இருபது பேர்.

"எஞ்சின் சூடாயிடுச்சு" என்று எழுதிப் பார்த்தேன். யாருக்கும் வலிக்காத பொய். ஹப்போவே அதை ஒத்துக்கொள்ளவில்லை, தன் எஞ்சினைப் பற்றி அப்படி யாரும் பேசக் கூடாதாம்.

ஒக்கா யாரையும் பார்க்கவில்லை. மேல்சட்டையை மடித்துக்கொண்டிருந்தாள். ஒரு கையை உள்ளே மடித்தாள். இன்னொரு கையை மடித்தாள். காலரை நீவினாள். மடிப்பதற்கு இனி ஒன்றுமில்லை.

ஹப்போ தொண்டையைச் சரிசெய்துகொண்டான்.

"ஒக்காதான்—"

நான் இங்கே பேனாவைக் கீழே வைத்துவிடுகிறேன்.

இந்த வாக்கியத்தை இரண்டு விதமாக எழுதி வைத்திருக்கிறேன். இரண்டும் இந்த வார்த்தையில்தான் தொடங்குகின்றன. ஒன்றில் அவன் கை மூடியே இருக்கிறது, மேசை சிரிக்கிறது. இன்னொன்றில் கை திறக்கிறது, மேசைக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. எது அவன் சொன்னது என்று என்னைக் கேட்காதீர்கள். நான் அன்றைக்கு அங்கேதான் நின்றேன், நானும் சிரிப்பைத் தயாராக வைத்துக்கொண்டுதான் நின்றேன். அதனால் என் சாட்சியம் செல்லாது.

பக்கத்து அறையில் யாராவது இருப்பார்கள். உங்களோடு நெடுங்காலமாக இருக்கிற யாராவது. ஒக்கா என்ற இடத்தில் அவர் பெயரைப் போட்டு, அவருக்குக் கேட்கும்படி உரக்கத் தொடங்கி, உங்களுக்கு வருகிறபடி முடித்துப் பாருங்கள். அவர் சிரிக்கிறாரா என்று கவனியுங்கள்.